ஐம்பத்திரண்டு வந்த தாள்

கண்ணாடித் தகட்டைக் கழுவுவது அவள் வேலை. கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒரு தூசி தெரிந்தாலும் மறுபடி கழுவுவாள். பதினாறு வருடமாக இதே தொட்டி, இதே சன்னல். ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயரே கண்ணாடிக்கா.

கழுவிய தகட்டில் அவளே பாலிமர் கரைசலை ஊற்றி மூடி வைத்தால், இரண்டு நாளில் காய்ந்து, வெங்காயத் தோல் மாதிரி ஒரு சவ்வுத் தாள் உரிந்து வரும். பூமியிலிருந்து எடுக்கும் எரிவாயுவில் கலந்திருக்கும் கரியமில வாயுவை அந்தத் தாள் தன் வழியே விட்டுவிடும். எரிகிற வாயுவைப் பெரும்பாலும் தடுத்துவிடும். எத்தனை மடங்கு பிரிக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. எப்போதும் முப்பது, முப்பத்தொன்று. மார்ச்சில் ஒரே ஒரு தாளுக்கு ஐம்பத்திரண்டு வந்து தொலைத்தது. ஆய்வை நடத்தும் மேடம் அதை நம்பிக் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டார். ஆய்விதழ்க்காரர்கள் இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்கிறார்கள்.

ஏழு தாள் வார்த்தாயிற்று. ஏழும் முப்பதைத் தாண்டவில்லை.

"அன்னைக்கு என்ன செஞ்சீங்கக்கா? நல்லா யோசிங்க."

"எப்பவும் செய்யறதுதான் மேடம்."

"எப்பவும் செஞ்சா எப்பவும் வரணுமே!"

வீட்டில் சொன்னபோது தையல்காரக் கணவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "நான் தைக்கிற சட்டையில ரெண்டு கையும் ஒரே நீளம் வந்தாலே அதிசயம். அதிர்ஷ்டம்னு சொல்லிட்டு வா."

"அதிர்ஷ்டத்தைக் கட்டுரையில போட முடியாதுங்க."

மறுநாள் தாள் போடும் உறை எடுக்க அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மார்ச்சில்தான் அலமாரிக்குப் பெயின்ட் அடித்தார்கள். அதற்காக வெளியே எடுத்து வைத்த, உறையில்லாத ஒரு வருடப் பழைய தாள்களும் அன்று உரித்த தாளும் ஒரே மேசையில் கிடந்தன. உறையில் தேதி எழுதியது அவள்தான். எதை எந்த உறையில் போட்டாள்? நாளாக நாளாகத் தாள் இறுகும், இறுகினால் இன்னும் நன்றாகப் பிரிக்கும் என்று மேடம் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மிச்சப் பழைய தாள்கள் அன்றே குப்பைக்குப் போயின. ஐம்பத்திரண்டு வந்த தாளோ சோதனைக் கருவியிலிருந்து எடுக்கும்போதே கிழிந்துவிட்டது. உறையில் போட்டது மேசையின் இடப்பக்கம் இருந்ததா, வலப்பக்கமா? நினைக்க நினைக்க இரண்டும் சரியாகத் தெரிந்தன.

சொல்லாவிட்டால் மேடத்தின் பெயர் கெடும். சொன்னால் தன் பதினாறு வருடப் பெயர்.

சொன்னாள்.

"அப்போ அது பழைய தாளா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சத்தியமா எனக்கே குழப்பமா இருக்கு மேடம்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு கட்டுரைக் கோப்பை மூடினார்.

"இனிமே நான் தாள் வார்க்கலாமா, வேண்டாமா மேடம்?"

மேடம் கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.