ஃபேன் இறக்கையில் பேர்கள்

கரண்ட் போனால் எல்லோரும் ஜன்னலைத் திறப்பார்கள், விசிறியைத் தேடுவார்கள். நான் அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பேன். வில்லியனூரில் இப்போது நான் இருக்கும் வீட்டு ஃபேனில் ஒரு எழுத்தும் இல்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் பார்ப்பேன். பாகூர் மியூசியத்தில் வேலை பார்த்த வருஷங்கள் விட்டுச்சென்ற பழக்கம் அது.

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நெல் குடோன்தான் எங்கள் மியூசியம். 'இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்' என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கும். ஊரார் வாயில் அது எலும்பு மியூசியம். சங்கு, பறவைக்கூடு, பாம்புச் சட்டை, எல்லாவற்றுக்கும் நடுவே கூடம் முழுக்க நீண்டு கிடக்கும் திமிங்கல எலும்புக்கூடு. உறுப்பினர்களையும் நன்கொடை தருகிறவர்களையும் சேர்ப்பதும், சேர்ந்தவர்கள் கோபித்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. இரண்டாவதுதான் கஷ்டம்.

உறுப்பினர் அட்டை என்றால் என்ன என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். 'குடும்பத்துக்கு இலவச அனுமதி' என்று எந்தப் புண்ணியவான் அந்த அட்டையில் போட்டாரோ, தெரியாது. சோரியாங்குப்பத்துக்காரர் ஒருவர் ஒரே அட்டையைக் காட்டி ஒரு கல்யாண வேன் நிறைய ஆளை இறக்கினார். "எல்லாம் குடும்பம்தாம்மா, சம்பந்தி வூட்டு ஆளுங்க," என்றார். பட்டுப்புடவையும் மாலையுமாக நிற்கிறவர்களிடம் என்னத்தைச் சொல்வது. உள்ளே விட்டேன்.

நன்கொடையைப் பணமாகக் கொடுக்க எங்கள் பக்கத்தில் மனசு வராது. பொருளாகக் கொடுப்பார்கள், கொடுத்ததில் பேர் எழுதுவார்கள். கோயிலில் பழகிய கை. எங்கள் ஊர் மாதா கோயில் பெஞ்சிலும் அப்படித்தான். மண்டியிட்டால் யாரோ ஒருவரின் உபயம்தான் முதலில் கண்ணில் படும். மியூசியத்துக்குக் குருவிநத்தத்துக் கரும்பு விவசாயி ஒருவர் ஃபேன் வாங்கிக் கொடுத்தார். மாட்டும்போது பார்த்தால் இறக்கைகளில் சிவப்புப் பெயிண்ட். ஒன்றில் 'உபயம்', ஒன்றில் அவருடைய காலமான அப்பாவின் பேர், ஒன்றில் ஊர்ப் பேர்.

"ஓடினா ஒண்ணும் தெரியாதே, எதுக்குண்ணே எழுதறீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம ஊர்ல கரண்டு இன்னா எப்பவுமா இருக்குது?" என்றார்.

அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நாளில் கூடத்து ஃபேன் அத்தனையிலும் யாருடைய அப்பாவோ அம்மாவோ சுற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

திமிங்கலத்தைக் கொடுத்தது பனித்திட்டு என்கிற மீனவக் கிராமம். சுனாமிக்கு முன்னால் ஒரு விடியலில் அது கரை ஒதுங்கியபோது முதலில் பார்த்தவள் மீன் விற்கும் ஓர் அம்மாவின் ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிற சிறுமி. ஓடிப்போய் ஊரையே எழுப்பினாளாம். ஊரார் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சவுக்குத் தோப்பில் குழி வெட்டிப் புதைத்தார்கள். அப்புறம் வந்த சுனாமி அந்தச் சிறுமியைக் கொண்டுபோய்விட்டது. வருஷங்கள் கழித்து, வனத்துறை அனுமதியோடு நாங்கள் எலும்பைக் கேட்டுப் போனோம். புதைத்ததைத் தோண்டுவதா என்று பஞ்சாயத்தார் மறுத்தார்கள். அந்த அம்மாதான் எழுந்தார்.

"குடுத்துடுங்க. ஆனா அத மொதல்ல பாத்தது யாருன்னு பக்கத்துல எழுதி வெக்கணும்."

எலும்புக்கூட்டின் தலைமாட்டில் சின்ன மரப்பலகை வைத்தோம். 'முதலில் கண்டவர்' என்று போட்டு, கீழே அந்தச் சிறுமியின் பேர். வீட்டோடு போட்டோவும் போய்விட்டிருந்தது. மகள் என்று போய்ப் பார்க்க அந்த அம்மாவுக்கு மிஞ்சியது அந்தப் பலகை ஒன்றுதான்.

பாகூர் மார்க்கெட்டில் மீன் விற்று முடித்தால் காலிக் கூடையோடு வருவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "படிம்மா," என்பார்; நான் பலகையைப் படிப்பேன். பிறகு ஃபேன்களை நிறுத்தச் சொல்லி அந்தப் பேர்களையும் ஒன்றுவிடாமல் படிக்கச் சொல்வார். வேலையிருக்கும் நாளில் எனக்கு அது தலைவலி. கொஞ்ச நேரம் இளைப்பாறிப் போக ஒரு சாக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுக ஆரம்பித்தது. எலும்பில் பூஞ்சை படர்ந்தது. ஃபேன் கொடுக்கிற ஊரால் கூரை போட முடியாது. தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்று போட்டுத்தர முன்வந்தது. பேச வந்த மேனேஜர் ஓர் இளம்பெண். கூடத்தில் கம்பெனி பேர் மட்டும்தான் இருக்க வேண்டும், வேறு எந்தப் பேரும் கண்ணில் படக்கூடாது என்பது மேலிடத்து நிபந்தனை என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப திமிங்கலத்தையும் தூக்கிட்டு உங்க போர்டை மட்டும் மாட்டி வெச்சிக்கோங்க," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. உட்கார்ந்து அந்தப் பலகையின் முழுக் கதையையும் கேட்டாள். இரண்டொரு நாளில் திரும்பி வந்தாள். "ஒரு பேர் இருக்கலாம்னு பர்மிஷன் வாங்கிட்டேன் மேடம். ஒண்ணே ஒண்ணு. இதுக்கு மேல என்னால பேச முடியாது."

கரும்புக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். "எங்கப்பன் பேர சொரண்டணுமா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவோடு வந்து, தானே ஏணியில் ஏறினார்.

"அந்தப் பொண்ணு பேரு இருக்கட்டும்மா. எங்கப்பனுக்குப் பேரு சொல்ல நான் இருக்கேன்."

அவர் துடைத்ததைக் கேள்விப்பட்டு மற்றவர்களும் வந்து துடைத்தார்கள். அன்றைக்கு எனக்கு இந்த ஊர்க்காரர்கள் மேல் வந்த பிரியம் இன்னும் குறையவில்லை.

கூரை வந்தது, வெள்ளை அடித்தோம். உறுப்பினர் தினத்தன்று கூடம் நிறையக் கூட்டம், கையில் சுண்டலும் டீயுமாக. மேனேஜரும் வந்திருந்தாள். பனித்திட்டு அம்மா வந்தார். பலகையைப் படித்தேன். அண்ணாந்து பார்த்து, "மத்தவங்களயும் படி," என்றார். எல்லோரும் அவர் மகளுக்காகப் பேரை விட்டுக்கொடுத்ததைப் பெருமையாகச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"அப்ப கதவ சாத்துனா இவ ஒண்டியாவா இருப்பா?"

சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கும் அவுங்கப்பாவுக்கும் நடுவுலதாம்மா படுப்பா. ஒரு நாளும் தனியா படுத்ததில்ல. இங்க இத்தினி பேரு கீறாங்கன்னுதான் நான் வுட்டுட்டுப் போனேன்." பலகையைத் தூக்கி முந்தானையில் சுற்றிக்கொண்டார். "நான் வூட்டுக்கே கூட்டிக்கினு போறேன்."

அத்தனை தடவை படித்துக் காட்டியவள் நான். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அழுகை வந்தது, அழுதேன்.

கரும்புக்காரர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "எம்மா, கொஞ்ச நேரம் உக்காரு. எங்கயும் பூடாத." கடைத்தெருவுக்குப் போய்ச் சிவப்புப் பெயிண்டும் பிரஷுமாகத் திரும்பினார். மேனேஜரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஃபேனு ஓடினா பேரு தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

மேனேஜர் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க ஆளுங்க வர்ற அன்னிக்கு ஃபேன் எல்லாத்தையும் போட்டு வைங்க மேடம்," என்றாள். ஏணியைப் பிடித்துக்கொள்ளவும் அவளே போனாள்.

எல்லாப் பேரையும் திரும்ப எழுதிப் பெயிண்ட் காய்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது. கூட்டம் போன பிறகு, கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் நடந்து ஒவ்வொரு பேராகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா, "ம்," என்றார். கடைசியில் முந்தானையைப் பிரித்துப் பலகையை அதன் இடத்தில் வைத்தார். அதையும் படித்தேன்.

கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"சரிம்மா," என்றார், "இப்ப பூட்டிக்கோ."