இரண்டு பக்கமும் சிரிங்க

எங்கள் தொழிலில், வந்தவர் சிரித்துக்கொண்டு போனால் மட்டும் போதாது. இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு போக வேண்டும்.

கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் மெயின் ரோட்டோரமாக ஒரு பிசியோதெரபி நிலையம் வைத்திருக்கிறேன். முழங்காலும் இடுப்பும் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பேர் வாங்கித் தந்தது முகம்தான். காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பி நெற்றி முதல் தாடை வரை விரிகிற ஒரு நரம்பு உண்டு. அது பிணங்கினால் பாதி முகம் அப்படியே தொங்கிவிடும். ஒரு கண் மூடாது, ஒரு கடைவாயில் சாயா ஒழுகும். மருந்து டாக்டர் கொடுப்பார். பிறகு ஆளைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, புருவத்தைத் தூக்கு, மூக்கைச் சுளி, உதட்டைக் குவி என்று ஒவ்வொரு தசையாகத் தட்டி எழுப்புவது என் வேலை. நான் கொஞ்சம் சிடுமூஞ்சி. இங்கே பொம்பளையானாலும் 'சாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த 'சார்' எனக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். "என்னைப் பாக்காதீங்க, கண்ணாடியைப் பாருங்க!" என்று நான் போடுகிற சத்தம் எதிர்ச்சாரிப் பழக்கடை வரை கேட்குமாம்.

பார்லர் வைத்திருப்பவர்களே, ஸ்டுடியோக்காரர்களே, பல் கட்டுகிறவர்களே, மனுஷ முகத்தோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற என் இனமே, உங்களிடம் சொல்வதற்கென்ன? ரெண்டு வருஷத்துக்கு முன்னால் என் இடப்பக்கமே கோணிப்போனது. அந்தக் கதைக்கு வருமுன், அதுவரைக்கும் என்னிடம் ஏச்சு வாங்கியவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நன்றி அவர்களுக்குத்தான்.

பலூன் வீடு

பெருங்கடவிளை லீலா அக்காவுக்கு வலப்பக்கம் போயிருந்தது. கூட வந்தவர் புருஷன் தங்கப்பன் அண்ணன், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "எல்லாம் பையச் செய்யணும். பலமாச் செஞ்சா நரம்பு தப்பா இணைஞ்சிரும், பெறகு சிரிக்கப் போனா கண்ணு மூடிக்கும்" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். பட்டாளக்காரருக்கு 'பைய' என்கிற வார்த்தையே ஆகாது. பலூன் ஊதினால் சீக்கிரம் நிமிரும் என்று யாரோ சொல்லிவிட, காலையில் ஐந்தரைக்கு எழுப்பிப் பத்து பலூன், சாயங்காலம் பத்து பலூன் என்று டிரில் ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனால் ஹால், அடுக்களை, கோழிக்கூடு வரைக்கும் பலூன். பக்கத்து வீட்டுக்காரர்கள் அண்ணனுக்கு அறுபதாம் பிறந்தநாள் என்று நினைத்து, கேக் வாங்கி வந்து பாட்டும் பாடிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் பிடித்த பிடியில் அண்ணன் அட்டென்ஷனில் நின்றார். லீலா அக்கா கேக்கை இடப்பக்கமாக ஒதுக்கி மென்றுகொண்டே சொன்னார்: "மொகம் கோணினது எனக்காக்கும் சாரே. கிறுக்கு பிடிச்சது இவியளுக்கு."

கோபம் வேண்டும்

ராமச்சந்திரன் சார் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கு இடது கண் மூடாது. ஆகவே இமைக்கும்போதெல்லாம் வலது கண் மட்டும் மூடித் திறக்கும். எதிரே நிற்கிறவருக்கு அது கண்ணடிப்பதாகத்தான் தெரியும். பாவம் மனுஷன், ஜன்மத்தில் யாரையும் பார்த்துக் கண்ணடிக்காதவர். மீட்டிங்கில் தலைமையாசிரியை பேசப் பேச இவர் இமைக்க, அந்தம்மா பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். பத்தாம் கிளாஸ் பிள்ளைகள் பதிலுக்குக் கண்ணடிக்க ஆரம்பித்துவிட்டன.

நான் வழக்கம்போல் சிரிப்பிலிருந்து தொடங்கினேன். கடைவாயை மேலே தூக்கும் தசை, கன்னத்துத் தசை, கண்ணோரத்துத் தசை, மூன்றும் சேர்ந்தால்தான் சிரிப்பு உண்மையான சிரிப்பாகத் தெரியும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "சிரிப்பு எனக்கு அத்தியாவசியம் இல்ல சாரே. கோபத்தை மட்டும் திருப்பித் தந்தா மதி, அது போதும்."

போன சீட்டி

பொழியூர் கிளீட்டஸ் அண்ணன் கடலுக்குப் போகிறவர். வள்ளம் கரை சேரும் நேரத்தில் அலைச் சத்தத்துக்கு மேல் கூப்பாடு எடுபடாது. எந்த அலையில் வள்ளம் ஏறும், கரையில் நிற்கிறவர்கள் எப்போது பிடித்து இழுக்க வேண்டும் என்பதை, இவர் ரெண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடித்துத்தான் சொல்வார். இடப்பக்கம் கோணிய பிறகு விரலை வைத்தால் கடைவாய் வழியாக வெறும் காற்றுதான் போனது. என் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அவர் உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்ப்பார். வெளியே தமிழ்நாட்டு பஸ் போகும். நம்ம கேரளா பஸ்ஸில் கயிற்றை இழுத்து மணியடிப்பார்கள், அந்த பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதுவார். அந்தச் சத்தம் காதில் விழுந்தாலே அண்ணனுக்கு மனசு வாடிவிடும்.

மூணாவது மாசம் ஒருநாள், "எப்பம் செரியாவும் சாரே?" என்று கேட்டார். "கவலைப்படாதீங்க, சரியாப் போகும்" என்றேன். தினம் பத்துப் பேரிடம் சொல்வதுதான். சொல்லும்போதே போனில் மெசேஜ் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "கவலைப்படாதேன்னு சொல்லுத மொகம் கோணாம இருக்கு சாரே. அதாக்கும் வார்த்தை லேசா வருது."

என் முறை

அடுத்த மாசமே ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குக் கிளம்பலாம் என்று பல் தேய்த்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடப்பக்கமாக வழிந்து நைட்டியை நனைத்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால், இத்தனை வருஷம் அடுத்தவர் முகத்தில் பார்த்தது என் முகத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர், பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்து மாத்திரை எழுதினார். எழுதிவிட்டு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "கவலைப்படாதீங்க, சரியாப் போகும்" என்றார். என் ஹேண்ட்பேக்கை எடுத்து அவர் மேல் எறியாமல் வந்தது கர்த்தருடைய கிருபை.

நிலையத்தைப் பூட்டிவிட்டு, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் அடைந்தேன். கோணின முகத்துக்காரியிடம் முகம் நிமிர்த்த எவர் வருவார்? அநேகம் பேருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்று படித்திருக்கிறேன். அதில் அந்தச் 'சிலர்' மட்டும்தான் இப்போது நினைப்பில் நின்றது. தொழிலும் போச்சு, முகமும் போச்சு என்று அழுதேன். பத்தாம் நாள் கதவு தட்டும் சத்தம். லீலா அக்காவும் தங்கப்பன் அண்ணனும். அக்காவின் முகம் இரண்டு பக்கமும் என்ன அழகாகச் சிரித்தது தெரியுமா! பட்டாளக்காரர் கையில் ஒரு பொட்டலம் பலூன். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார். "ஊதப்பிடாது, எனக்குத் தெரியும். கடை தொறக்குத அன்னைக்கு கெட்டித் தொங்கவிடுததுக்காக்கும்."

லீவு லெட்டர்

அப்புறம் திறக்காமல் இருக்க முடியுமா? திறந்த அன்று காலையில் முதலில் வந்தது ராமச்சந்திரன் சார். அவருக்கு சிகிச்சை முடிந்து மாசங்களாகிவிட்டது, வர வேண்டிய அவசியமே இல்லை. வாசலில் தொங்கிய பலூன்களை ஒரு பார்வை பார்த்தார், மாஸ்க் போட்ட என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புருவம் இரண்டையும் சேர்த்து நெரித்தார். அந்தப் புருவத்தை எழுப்ப நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவர் கேட்ட கோபம் முழுசாகத் திரும்பியிருந்தது. அவர் அதட்டினார்: "பத்து நாள் ஆப்சென்ட். லீவு லெட்டர் எங்க?"

ஒரே கண்ணாடி

கிளீட்டஸ் அண்ணன் வந்தவுடனே, "மாஸ்க்கை எடுங்க சாரே. என்னை மட்டும் எடுக்கச் சொல்லுவிய!" என்றார். எடுத்தேன். அவர் தன் ஸ்டூலை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். அன்றிலிருந்து ரெண்டு பேரும் ஒரே கண்ணாடி முன்னால். அவருக்கும் இடப்பக்கம், எனக்கும் இடப்பக்கம். என் பார்வை தரைக்குப் போனால், "கண்ணாடியைப் பாருங்க!" என்று என் சத்தத்திலேயே போடுவார். ஆறு வாரம் ஓடியது. அவருக்குக் காற்று ஒழுகுவது குறைந்துகொண்டே வந்தது. எனக்கு ஒரு நூல்கூட அசையவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். "எனக்கு இனி வராது அண்ணே. அடுத்த மாசத்தோட கடையை மூடுதேன்" என்றேன். அவர் கவலைப்படாதே என்று சொல்லவில்லை. "செரி, இருங்க. நான் எனக்குள்ளதைச் செய்யுதேன்" என்று விரலை வாயில் வைத்தார்.

வந்ததே சீட்டி! காது அடைத்துப் போனது. அதே நொடி வெளியே கிரீச்சென்று பிரேக். நாகர்கோவிலிலிருந்து வந்த பஸ், ஸ்டாப்பே இல்லாத என் வாசலில் நின்றுவிட்டது. கண்டக்டர் பின்படியில் தொங்கிக்கொண்டு கத்துகிறார்: "நான் எப்பவே விசில் ஊதினேன்? ஏன் நிறுத்தினீரு?" முன்னாலிருந்து டிரைவர்: "அப்பம் எனக்க காதுல விழுந்தது என்னவே, குயிலா?" இதற்குள் ரெண்டு பேர் இறங்கியும் விட்டார்கள். கிளீட்டஸ் அண்ணன் விரலை வாயிலிருந்து எடுக்காமலே திருதிருவென்று விழிக்கிறார். எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கிவிட்டது. அழுத அத்தனை நாளுக்கும் சேர்த்துச் சிரித்தேன்.

அண்ணன் என்னையே உற்றுப் பார்த்தார். எழுந்து வந்து, என் ஸ்டூலைப் பிடித்து மெதுவாகக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். சத்தம் போடவில்லை. "சாரே, கண்ணாடியைப் பாருங்க."

இடது கடைவாய் ஒரு நூலளவு ஏறியிருந்தது. நூல் விரலாகி, விரல் முழுச் சிரிப்பாக மூணு மாசம் ஆனது. கண்ணோரத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். 'கவலைப்படாதீங்க' என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை. போனைத் தூர வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். கிளீட்டஸ் அண்ணனுடைய வள்ளம் அவருடைய சீட்டியில் கரையேறுகிறது. லீலா அக்கா, தங்கப்பன் அண்ணன், ராமச்சந்திரன் சார், இவர்களுக்கெல்லாம் நான் எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பேன்?

அந்த நாகர்கோவில் பஸ் இப்போதும் தினம் வாசலைத் தாண்டுகிறது. நான் இரண்டு பக்கமும் சிரித்தபடி கை காட்டுகிறேன், டிரைவர் மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்த்து, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே போகிறார்.