பத்தொன்பதாவது பெயர்

மேசையிலிருந்த தெரேரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானக் குடுவையை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். நிமியா ஓவெலார் குடுவையைத் தேடுவதற்கு முன் மஞ்சள் சீட்டுக் கட்டைத் தேடுகிறார். "பொருள்: குடுவை. எடுத்தவர்: தெரியும். நேரம்: 9.10." குடுவை விட்டுப்போன ஈர வட்டத்தின்மேல் சீட்டை வைத்த பிறகுதான் வாசலுக்கு வந்து குரல் கொடுக்கிறார்.

"சிந்துல்ஃபோ, குடிச்சது போதும். கொண்டாந்து வச்சிட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

"ஒரு வாய் குடிச்சதுக்குமா அக்கா கையெழுத்து?" என்று காவலாளி முனகுவார். ஆனாலும் போடாமல் போகமாட்டார்.

அசுன்சியோன் நகரக் கலைக்கூடத்தின் கிடங்கு இருபத்தேழு வருடமாக நிமியாவின் பொறுப்பு. நாலாயிரத்துச் சொச்சம் ஓவியங்களும் மரச் சிற்பங்களும் அவர் கண்ணில் படாமல் அசையா. எதை எடுத்தாலும் சீட்டு எழுத வேண்டும். எடுக்கச் சொன்னவர் கையெழுத்திட வேண்டும். மூலச் சீட்டு காலி இடத்தில் கிடக்கும், கரித்தாள் நகல் பொருளோடு போகும். நகலைக் குத்துவதற்காகவே அவர் சட்டைக் கழுத்தில் எப்போதும் மூன்று ஊக்குகள் இருக்கும். இந்த விதி எல்லாக் கலைக்கூடங்களிலும் உள்ளதுதான். கல்யாண வீட்டில் யாராவது நாற்காலியை நகர்த்தினால் பைக்குள் சீட்டைத் தேடுகிற கை மட்டும் நிமியாவுக்கே உரியது.

எதையும் இரண்டு தடவை படிப்பார். சிப்பா ரொட்டி சுற்றிவந்த காகிதத்தைக்கூட. மனிதர்களையும் ஓவியங்களைப் போலத்தான் நினைவில் வைத்திருப்பார். இயக்குநர் லிவியெரெஸ் நூற்று எழுபத்தொன்பது சென்டிமீட்டர். அறங்காவலர் குழுத் தலைவர் பெர்லா அம்மாள் நூற்று அறுபத்தொன்று, கொண்டையோடு நூற்று அறுபத்தெட்டு.

"வருசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கொறையிறீங்கம்மா," என்பார்.

"நீ அளக்க அளக்கத்தான்டி கொறையிது," என்பார் அந்த அம்மாள்.

இந்த அளவுகளுக்கு ஒரு பயன் உண்டு. அக்டோபர் தோறும் அறங்காவலர்களும் மூத்த அலுவலர்களும் பெரிய மாடிப்படியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். யார் எங்கே நிற்பது என்று படியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு எண் எழுதுவது நிமியா. பட்டியலில் பத்தொன்பது பெயர். கடைசிப் பெயர் அவருடையது; மேல்படி, இடது ஓரம். ஆள் குள்ளம் என்பதால் தனக்கென்று ஒரு மரப்பெட்டியைக் கிடங்கிலிருந்து தூக்கி வருவார், அதற்கும் சீட்டு எழுதிவிட்டு.

இந்த வருடமும் பட்டியல் வந்தது. பதினெட்டுப் பெயர்களையும் இரண்டு தடவை படித்தார். பத்தொன்பதாவது எப்போதும் தன் பெயர்தானே என்று, அதை மட்டும் படிக்கவில்லை. காலையிலேயே மண்டியிட்டுக் கோடுகளைப் போட்டு முடித்தார். பெட்டியையும் வைத்தாயிற்று.

படக்காரர் எல்லோரையும் படியேறச் சொன்னார். புதுச் சட்டை போட்ட நெட்டையான ஒருவர் மேல்படிக்குப் போய், பெட்டியைக் காலால் ஒதுக்கிவிட்டு இடது ஓரத்தில் நின்றார்.

"ஐயா, அது என் எடம். உங்கள யாரு அங்க நிக்கச் சொன்னா?"

"பத்தொம்பதுன்னு போட்டிருக்கே. நான்தான் பத்தொம்பது." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. "திங்கக்கெழமையிலேருந்து கிடங்கு என் பொறுப்பு. நீங்க யாரு?"

நிமியாவைத் தூக்கிவாரிப்போட்டது. பையிலிருந்து பட்டியலை எடுத்துக் கடைசி வரியைப் படித்தார். மறுபடி படித்தார். வேறு யாருடைய பெயரோ. அந்தப் பெயருக்குத் தன் கையாலேயே கோடு போட்டிருக்கிறார். கீழே சிந்துல்ஃபோ தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"என்ன லிவியெரெஸ் இது? அவகிட்ட சொல்லலியா?" என்று கேட்டார் பெர்லா அம்மாள்.

"படம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேம்மா. வேலையை விட்டு எடுக்கச் சொல்லி நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"நானா? எதுல?"

"ஜூலைக் கூட்டத்துல. பதினோரு தாள் குடுத்தேனே, அதுல ஒண்ணு."

பெர்லா அம்மாளின் முகம் வெளுத்தது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். "கண்ணாடி கொண்டுவரலியே அன்னிக்கு," என்றார், யாரிடம் என்றில்லாமல். அதைக் கேட்க வெட்கமாக இருந்தது அங்கிருந்த எல்லோருக்கும்.

நிமியா சட்டைப் பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தார். சுவரில் வைத்து நிதானமாக எழுதினார். "பொருள்: நிமியா ஓவெலார். உயரம்: 152. இடம்: மேல்படி, இடது ஓரம். நிலை: சேதமில்லை." கடைசி வார்த்தையை அடித்தார். வேறு ஏதோ எழுதப் போய், எழுதாமல் விட்டார். திரும்பும் நாள் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தார்.

படியிறங்கி வந்து பெர்லா அம்மாளிடம் பேனாவை நீட்டினார்.

"எடுக்கச் சொன்னவங்க போடணும்மா."

"நிமியா, வேணாம்டி. நான் பாத்துக்கறேன்."

"எடுத்தாச்சும்மா. சீட்டு இல்லாம எடுக்கக் கூடாது." பிறகு, குரல் உடைந்து, "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க," என்றார்.

அந்த அம்மாள் இந்தத் தடவை கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு வரியாகப் படித்தார், அடித்திருந்ததையும். கோணல்மாணலாகக் கையெழுத்திட்டார்.

நிமியா மேலே ஏறிப்போனார். நெட்டை மனிதர் தானாகவே விலகி நின்றார். மூலச் சீட்டைப் பத்தொன்பது என்ற எண்ணின்மேல் வைத்து, காற்றில் பறக்காதபடி சுண்ணக்கட்டியை அதன்மேல் வைத்தார். நகலைக் கிழித்து, சட்டைக் கழுத்திலிருந்து ஊக்கு ஒன்றைக் கழற்றி, தன் நெஞ்சில் குத்திக்கொண்டார்.