ட்ரோலைப் பெற்றவள்

சுவீடன்காரர்கள் அமைதியானவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். அந்த அமைதி எனக்குத் தெரியும். பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு சுவீடன் குடும்பத்தில் ஐந்து வருடம் ஆயாவாக இருந்தேன். துரை ஏதோ தொழிற்சாலைக்கு இயந்திரம் பூட்ட வந்தவர். வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப். மூன்று மணிக்குக் காபி, ஏலக்காய் போட்ட பன். காபி நேரத்தில் கதவைக்கூட ஓசையில்லாமல் சாத்த வேண்டும்.

கைக்குழந்தையை அவர்கள் வீட்டுக்குள் தூங்க வைக்க மாட்டார்கள். போர்வை சுற்றித் தள்ளுவண்டியில் போட்டு, வெளியே போர்ட்டிகோவில் விட்டுவிடுவார்கள். குளிர் காற்று பிள்ளைக்கு நல்லதாம்.

எனக்கும் அப்போது ஆறு மாதத்தில் ஒரு மகள். கணவர் தங்கவயல் சுரங்கத்தில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு தன் அம்மா வீட்டில் படுத்துக் கிடந்தார். கைப்பிள்ளைக்காரியை வேறெந்த வீட்டிலும் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். துரைசானி வைத்துக்கொண்டாள். பின்கட்டில் ஓர் அறையும் கொடுத்தாள். ஒரே நிபந்தனை, என் குழந்தை அந்த அறையை விட்டு வரக்கூடாது.

துரைசானியின் மூத்த பெண்ணுக்கு ஐந்து வயது. இரண்டு வயதில் என் இடுப்பில் ஏறியவள். தமிழை என்னிடமே கற்றாள். அவள் தம்பிக்கு மூன்று மாதம், எந்நேரமும் அழுகை. சாயங்காலம் அம்மா ட்ரோல் என்கிற அவர்கள் ஊர்ப் பூதத்தின் கதை படிப்பாள். காலையில் இவள் அதை எனக்குச் சொல்வாள்.

"ட்ரோலு மலைக்குள்ள இருக்கும் ஆயா. கருப்பா, தல பூரா முடி. நம்ம பாப்பாவ தூக்கிட்டு அதோட பாப்பாவ போட்டுட்டுப் போயிடும்."

"அப்போ என்னா பண்றது?"

"அந்தப் பாப்பாவ அடிக்கணும். அடிச்சா ட்ரோல் அம்மா ஓடியாரும். நம்மளத குடுத்துட்டு அதோடத எடுத்துக்கும்."

சிரித்துக்கொண்டே அவளுக்குத் தலை வாரினேன். புளியமரத்து முனியைச் சொல்லிச் சோறூட்டியவள்தானே நானும். இதில் தப்பு என்ன என்று நினைத்தேன்.

ஒருநாள் காலையில் பிடித்த மழை மதியம்வரை விடவில்லை. என் அறையின் ஓடு ஒழுகி, தூளி நனைந்து, தரையெல்லாம் தண்ணீர். துரைசானி தன் குழந்தையைப் பால் கொடுக்க உள்ளே தூக்கிப்போயிருந்தாள். வண்டி காலியாக நின்றது. என் மகளை அதில் படுக்கப் போட்டுவிட்டு அறையைத் துடைக்க ஓடினேன். ஐந்து நிமிஷ வேலை.

வீறிட்ட குரல் கேட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா தன் பிள்ளையின் குரல்? ஓடினேன். துரைசானியின் மூத்த பெண் கம்பளம் தட்டும் பிரம்பால் என் மகளை அடித்துக்கொண்டிருந்தாள். பிரம்பைப் பிடுங்கி எறிந்து, கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவள் பயந்தாள். ஆனாலும் நான் கற்றுக்கொடுத்த தமிழில் சொன்னாள்.

"ஆயா, நீதானா அது? எங்க பாப்பாவ குடுத்துடு."

காபிக் கோப்பையோடு துரைசானி வந்தாள். முதலில் வண்டி விரிப்பைப் பார்த்தாள். பிறகுதான் என் மகளின் தொடையில் தடித்துக் கிடந்த கோடுகளைப் பார்த்தாள். பெண்ணைக் கட்டிக்கொண்டு, சமையற்காரரிடம் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் வேலூர்ப் பக்கத்து ஆள். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"வண்டியில உம் புள்ளய போட்டது தப்பாம். இந்தத் தடவ மன்னிச்சிட்டாங்களாம்."

"எம் புள்ளய அடிச்சாங்களே, அதுக்கு?"

"கேளும்மா. நீ கத்தினதுல பெரிய பாப்பா பயந்துடுச்சாம். நீ ட்ரோல் இல்லன்னு அதுக்குப் புரியணுமாம். அதுங்களுக்கு வால் இருக்குமாம். கொஞ்சம் திரும்பி நின்னு காட்டச் சொல்றாங்க."

"இத உங்க வாயால சொல்றீங்களே அண்ணே."

"அவங்க சொல்றத சொல்றேன். உனக்கு ரூம் வேணுமா வேணாமா?"

அறை வேண்டும். திரும்பி நின்றேன். தோளில் என் மகள் விக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சின்னக் கை என் இடுப்பிலிருந்து கீழே புடவையைத் தடவித் தேடியது. அந்தப் பெண் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். துரைசானி சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை, அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. என் தோளைத் தட்டி நன்றி சொன்னாள். விரிப்பை வெந்நீரில் போட்டுத் துவைக்கச் சொன்னாள். துவைத்தேன்.

எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னபோது, ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்றார்கள். குழந்தையை நான் குற்றம் சொல்லவில்லை. கதையில் சொன்னபடிதான் செய்தாள். கதைப்படியே நானும் ஓடி வந்தேன்.

அதன் பிறகும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தேன். அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டினேன், சோறூட்டினேன். என் மகள் மேல் யார் கையும் மறுபடி படவில்லை. தினமும் அவளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.