செத்த மீனுக்கு வாழ்த்துச் சொன்னவர்கள்

இந்த வாரம் கொஞ்சம் கோபமாகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம், புதன்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் என் பக்கத்து சீட்காரர் சொன்ன ஒரு செய்தி.

அவர் வீட்டு மீன் தொட்டியில் இருந்த எட்டு மீனும் ஒரே வாரத்தில் செத்துப்போயினவாம். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். வருத்தத்தை மறைக்கிற சிரிப்பு இல்லை அது, நிம்மதிச் சிரிப்பு. "வீட்டுக்கு வர இருந்த பெரிய கண்டம் வெலகிடுச்சு மேடம்" என்றார். சாயங்காலம் கடைக்குப் போய் வேறு எட்டு வாங்கப் போகிறாராம்.

நான் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன்.

எட்டு மீனுக்கா இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆறு மாதம் பின்னால் போக வேண்டும்.

என் கணவர் தியாகராஜன் நில அளவையர். விழிதியூரில் ஒரு வயலை அளந்துகொண்டிருந்தவர், வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் காரைக்காலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் புதுச்சேரி. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார். கோவில்பத்து வீட்டுக்கு அழைத்துவந்தபோது டாக்டர் சொன்னது ஒன்றுதான்... இரண்டு மாதம் ஓய்வு.

ஓய்வு என்பது எங்கள் வீட்டில் ஹாலில் கிடந்த ஒரு பிரம்பு நாற்காலி. காலையில் நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது அதில் எப்படி உட்கார்ந்திருந்தாரோ, சாயங்காலம் திரும்பும்போதும் அப்படியே இருப்பார். டிவி போடுவதில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. நாள் முழுக்க வெயிலில் வயல் வயலாக நடந்த மனிதர், பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். உடம்பு முடியாமல் இல்லை. பயம். அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகள்தான் மீன் தொட்டி வைக்கச் சொன்னாள். பார்த்துக்கொண்டிருந்தால் அப்பாவுக்கு மனசு லேசாகும் என்றாள். நல்ல யோசனை. சனிக்கிழமை காலை கலர் மீன் கடைக்குப் போனேன்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி, ஊதாக் கல், பிளாஸ்டிக் தென்னைமரம், வாயைத் திறந்து மூடும் ஒரு பொம்மை முதலை, காற்றடிக்கும் மோட்டார். அப்புறம் மீன். கடைக்காரரே தேர்ந்தெடுத்தார். கோல்டு பிஷ் நான்கு, ஏஞ்சல் இரண்டு, கண்ணைப் பறிக்கும் நியான் மீன் ஐந்து. தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று 'சக்கர்' ஒன்று. மொத்தம் பன்னிரண்டு. கோல்டு பிஷ்ஷில் ஒன்று கறுப்பாக இருக்க வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். திருஷ்டிக்காம்.

என்ன தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டேன். எந்தத் தண்ணியும் ஊத்தலாம், இந்த நீல மருந்துல நாலு சொட்டு விட்டாப் போதும் என்றார். அவ்வளவுதான் பாடம். மிக்ஸி வாங்கினால் கூடவே வரும் சின்னப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்கிறவள் நான். பன்னிரண்டு உயிரை வாங்கினேன்... இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

அன்று மதியமே மீன்கள் நீந்தின. கணவர் நாற்காலியைத் தொட்டிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் நாற்காலி நகர்ந்ததே எனக்குப் பெரிய விஷயம்.

மூன்றாம் நாள் ஏஞ்சல் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நியானில் இரண்டைக் காணவில்லை. செத்ததா, ஏஞ்சல் விழுங்கியதா என்று இன்றுவரை தெரியாது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். தண்ணியை முழுசாக மாற்றச் சொன்னார். குழாய்த் தண்ணீர் பிடித்து முழுசாக மாற்றினேன். மறுநாள் காலை ஆறு மிதந்தன. நான் ஆபீஸ் போனபிறகு கணவர்தான் டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்து, கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்திருக்கிறார். குனிந்து மண்ணைத் தோண்டியிருக்கிறார், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தும்.

அதற்குப் பிறகுதான் வாழ்த்துகள் வர ஆரம்பித்தன.

எதிர்வீட்டு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நல்ல சகுனம் என்றார். ஆபீஸில் பியூன் முதல் சூப்பிரண்டெண்ட் வரை அதையேதான் சொன்னார்கள். விழிதியூரிலிருந்து வந்த கணவருடைய அண்ணன் தொட்டியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டார். "நல்லதுதான் தம்பி. ஒனக்கு வந்ததை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு" என்றார். பாசத்தில் சொன்னதுதான். விவசாயம் பார்க்கிறவர், பொய் சொல்லத் தெரியாதவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒன்பதாம் நாள் காலை கறுப்பு கோல்டு பிஷ்ஷும் போனது. சக்கர் மட்டும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருந்தது. இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்தேன். கை வைக்கவில்லை.

"வசந்தி, நான் பொழைக்கறதுக்கு இன்னும் எத்தனை சாவணும்?"

பதினைந்து நாளில் அவர் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

இப்போது சொல்லுங்கள், இதற்குப் பெயர் ஆறுதலா? வரப்பில் செத்துப் பிழைத்த ஒரு மனிதரிடம் போய், உனக்குப் பதிலாக இது செத்தது, அது செத்தது என்று தினம் ஒருவர் சொன்னால் அவர் என்ன ஆவார்? அவர் செத்த பதினொன்றையும் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். வீட்டில் இருந்த எனக்கே அது தெரியவில்லை.

அன்று லீவு போட்டேன். நேராகக் கடைக்குப் போனேன். ஏன் ஒன்றும் சொல்லித் தரவில்லை என்று கேட்டேன். அவர் அடுத்த கஸ்டமருக்குக் கவரில் காற்று நிரப்பிக்கொண்டே பதில் சொன்னார்.

"மீனுன்னா சாவத்தான் மேடம் செய்யும். செத்தா ஒங்க வீட்டுக்கு நல்லதுன்னு வெச்சிக்கங்க. வேற போட்டுத் தரவா?"

திரும்பி ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் அந்தக் கடைக்காரருடன் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். யோசித்துப் பாருங்கள். வாங்கிய புடவை முதல் துவையலில் சாயம் போனால், உங்க திருஷ்டியை எடுத்துக்கிட்டுப் போச்சு என்று ஜவுளிக்கடைக்காரர் சொல்லட்டுமே... விடுவோமா? குக்கர் வெடித்தால்? பிரிட்ஜ் நின்றுபோனால்? உயிரில்லாத சாமானுக்கெல்லாம் உத்தரவாத அட்டை உண்டு. உயிருள்ளது செத்தால் மட்டும் நமக்கு நல்லகாலம். தெரியாமல் விற்றவருக்கும் பொறுப்பு இல்லை, தெரியாமல் வாங்கிய எனக்கும் இல்லை. என்ன சௌகரியமான நம்பிக்கை.

என் பள்ளித்தோழி ஃபாத்திமா கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறாள். அவளை வரச் சொன்னேன். வந்தாள். தொட்டியை மோந்து பார்த்தாள். கணவர் தயங்கித் தயங்கி, அதுங்களுக்கு ஆயுள் அவ்வளவுதானா என்று கேட்டார்.

"அதுக்கு ஹயாத்து முடிஞ்சு சாவல மச்சான்" என்றாள் ஃபாத்திமா. ஆயுளுக்கு அவள் வீட்டில் சொல்லும் வார்த்தை அது. "அதோட மூத்திரத்துலயே அது மூழ்கிச் செத்துச்சு. ஒங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அவள் சொன்னது மிக எளிமையானது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா தொட்டியில் வளர வேண்டும். புதுத் தொட்டியில் அது இருக்காது. வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பொறுக்காமல் ஒரே நாளில் பன்னிரண்டு மீனை விட்டால் சாகத்தான் செய்யும். குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின் மிச்ச வேலையைப் பார்த்துவிட்டது. இதில் கண்டமும் இல்லை, கண்ணும் இல்லை.

கணவர் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இரண்டாவது முறை சொன்னபோது எழுந்து போய் அவருடைய அளவு நோட்டையும் பென்சிலையும் எடுத்துவந்தார். சுவரைப் பிடிக்கவில்லை.

சக்கர் மீனை ஃபாத்திமா கல்லூரியின் பெரிய தொட்டிக்கு எடுத்துப் போனாள். அது முழங்கை நீளம் வளருமாம். வளர்ந்ததும் பலர் அரசலாற்றில் விட்டுவிடுகிறார்களாம். அது ஆற்று மீனின் முட்டையைத் தின்றுகொண்டு அங்கேயே பெருகும். இதையும் எந்தக் கடையிலும் சொல்வதில்லை.

அப்புறம் எங்கள் வீட்டில் நடந்தது ஒரு சர்வே. தொட்டியின் நீளம், அகலம், உயரம் அளந்து எத்தனை லிட்டர் என்று எழுதினார். எங்கள் போர்வெல் தண்ணீரை ஃபாத்திமா சோதித்துப் பார்த்தாள். கடலோரம் அல்லவா, நல்ல கடினத் தண்ணீர். நியான் மீனுக்கு ஆகவே ஆகாது. கப்பி, பிளாட்டி என்ற சின்ன மீன்களுக்கு அதுதான் பிடிக்கும். கோல்டு பிஷ்ஷுக்கு இந்தத் தொட்டி பத்தாது. ஏஞ்சல் வளர்ந்தால் சின்ன மீனை விழுங்கும். எந்த மீன், எவ்வளவு வளரும், யாரோடு யார் ஒத்துப்போவார்கள், மேலே நீந்துமா அடியில் நீந்துமா... நான்கு பக்கம் எழுதினார். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தவர்கள்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள்.

கல்லூரித் தொட்டியின் பில்டர் பஞ்சைப் பிழிந்து ஒரு பாட்டில் பழுப்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள் ஃபாத்திமா. பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, பாக்டீரியாவுக்கு உணவாக அழுகவிட்டோம். வாரம் இரண்டு முறை சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட வேண்டும். பச்சையானால் விஷம் இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் இல்லை. ஐந்து வாரம் பச்சை, பச்சை என்று நோட்டில் எழுதினார்.

வருகிறவர்கள் எல்லாம் காலித் தொட்டியைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். அண்ணனும் வந்தார். மீன் எங்கே என்று கேட்டார்.

"தண்ணி இன்னும் பக்குவம் ஆவலண்ணே. உழாத வயல்ல நாத்து நடுவீங்களா?"

அண்ணன் குனிந்து தொட்டியைப் பார்த்தார். பிறகு, எத்தனை நாள் ஆவும் என்று மட்டும் கேட்டார். அடுத்தமுறை வந்தபோது முதல் கேள்வியே, மஞ்சள் வந்துச்சா என்பதுதான்.

ஆறாவது வாரம் மஞ்சள் வந்தது.

நிரவியில் மொட்டைமாடியில் மீன் வளர்க்கும் ஒரு பெண்மணியிடம் போனோம். அவர் மீனைக் காட்டுவதற்கு முன்னால் எங்களை விசாரித்தார். தொட்டி எத்தனை நாளாக ஓடுகிறது, என்ன தண்ணீர், என்ன பில்டர் என்று. கணவர் நோட்டை நீட்டினார். அதைப் படித்துவிட்டுத்தான் ஐந்து பிளாட்டி கொடுத்தார். மூன்று வாரம் கழித்து ஆறு ஆண் கப்பி. அவ்வளவுதான், அதற்குமேல் வேண்டாம் என்று அவரே சொன்னார். இப்படியும் விற்கிறார்கள்.

கணவர் வேலைக்குத் திரும்பினார். மீன்களும் நன்றாக இருந்தன. ஒரே ஒரு கப்பி போனது. மூடியில் இருந்த இடுக்கு வழியாகத் துள்ளித் தரையில் விழுந்துவிட்டது. அன்று நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் நோட்டை எடுத்து எழுதினார். "மூடி சரியில்லை. என் தவறு." கையோடு ஒரு கண்ணாடித் துண்டு வெட்டிவந்து இடுக்கை அடைத்தார். காலை இட்லியை முழுசாகச் சாப்பிட்டார்.

இரண்டு வாரம் முன்பு அடுத்த தெருவில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தி முடிந்து பரிசு கொடுக்கும் நேரம். யாரோ ஒருவர் ரிப்பன் கட்டிய உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு கோல்டு பிஷ், திரும்ப இடமில்லாமல். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

என் கணவர் கூட்டத்தில் பேசுகிறவர் இல்லை. ஆனால் எழுந்து போனார். வீட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு, இது ஒரு வாரம் தாங்காது, கல்லூரியில் பெரிய தொட்டி இருக்கிறது, கொடுத்துவிடலாமா என்று கேட்டார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, செத்தால் செத்துப்போகட்டும், புது வீட்டுக்கு நல்லதுதான் என்றார்.

"நான் செத்துப் பொழைச்சவன் சார்" என்றார் என் கணவர். "யாருக்காகவும் யாரும் சாவறதில்ல."

சத்தமாகச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கிண்ணத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ரிப்பனை அவிழ்த்துவிட்டு, எடுத்துக்கிட்டுப் போங்க சார் என்றார். ஸ்கூட்டரை நான் ஓட்ட, பின்னால் அவர் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஃபாத்திமா வீடுவரை வந்தார்.

ஆகவே, புதுமனை புகுகிறவர்களுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சுவர்க்கடிகாரம் கொடுங்கள்... நின்றுபோனால் பேட்டரி மாற்றிக்கொள்ளலாம்.