விமலன் கொடுத்த டயர்

தான் குடிக்கவில்லை என்று லியோனார்ட் சொன்னதைத் தோட்டத்து லய வீடுகளில் ஒருவரும் நம்பவில்லை. பெண்டாட்டி ரீட்டாவே நம்பாதபோது மற்றவர்களைச் சொல்லி என்ன?

தேயிலைக்கு மருந்தடிக்கும் ஆள் அவர். வருஷக்கணக்காகக் குடித்தவர், போன தவக்காலத்தில் மாதா சொரூபத்தின் முன் சத்தியம் செய்து நிறுத்தினார். ரீட்டா மூச்சுவிடத் தொடங்கிய நேரம் பார்த்தா இப்படி நடக்க வேண்டும்! மலைமேல் தானா ராத்தா டவுனுக்குப் போகிற வழியில், செம்மண் வளைவில், மோட்டார் சைக்கிளோடு வடிகாலில் கிடந்தார். கால் முறிந்துவிட்டது.

"காஞ்ச ரோடு, எதிர்ல ஒரு லோரி இல்ல, கண்ண மூடிக்கிட்டே ஓட்டுற வளைவு. தண்ணி போடாம எவன்லா விழுவான்?" என்றார் கங்காணி தங்கையா.

வாயில் வாசனை இல்லையே என்று யாரோ இழுத்தார்கள். "இப்பத்த சரக்குல வாசன ஏது?" என்று பக்கத்து வீட்டு வடிவம்மாள் அதையும் அடைத்துவிட்டாள்.

லியோனார்ட் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "முன் டயர்தான் ரீட்டா. வளைவுல சாய மாட்டேங்குது. அமுக்குனா திடீர்னு பொத்துன்னு விழுது."

அங்கேதான் அவளுக்குச் சுட்டது. அந்த டயர் அவள் தம்பி விமலன் கொடுத்தது. மலைக்குக் கீழே தெலுக் இந்தானில், மோட்டாரில் காஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், ஏற்றிப் போகிறவன். தன் பின்சக்கரத்தில் கிடந்ததைக் கொண்டுவந்து, விபத்துக்கு முதல் நாள்தான் லியோனார்டின் முன்சக்கரத்தில் மாட்டிவிட்டுப் போனான். டயரின் வெட்டுகளை அங்கே பூ என்பார்கள். ஓரத்தில் பூ நிறைய இருந்தது. பூ இருந்தால் போதும், வேறெதையும் யாரும் பார்ப்பதில்லை.

"விழுந்தது நீங்க, பழி என் தம்பி மேலயா?"

அன்றோடு பேச்சு நின்றது. சோற்றுத் தட்டைத் தள்ளி வைப்பாள், அவ்வளவுதான். அவர் மாதா படத்தைத் தொட்டுச் சொன்னபோது அவள் படத்தைப் பிடுங்கி ஆணியில் மாட்டினாள். பொய்யும் சொல்லி, மாதாவையும் இழுக்கிறாரே பாவி! இனி இந்த மனுஷனோடு ஆகாது.

ஒரு சனிக்கிழமை காலை துணிப்பையைக் கட்டி, மோட்டாரை எடுத்தாள். டவுனில் அதைப் போட்டுவிட்டு பஸ் ஏறினால் தம்பி வீடு. பிறகு திரும்புவதில்லை. லியோனார்ட் கட்டையை ஊன்றி வாசல்வரை வந்தார்.

"செம்மண் வளைவுல மெதுவா போ. திரும்பாது."

"இன்னுமா இந்தக் கத?" என்று ஆக்சிலேட்டரை முறுக்கினாள்.

நேர் ரோட்டில் மோட்டார் சமர்த்தாக ஓடியது. அவள்தான் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினாள். வளைவு வந்ததும் வழக்கம்போல உடம்பைச் சாய்த்தாள். மோட்டார் சாயவில்லை. விறைத்து நின்றபடி வடிகாலைப் பார்த்தே ஓடியது. "ஐயோ மாதாவே!" கைப்பிடியை அமுக்கினாள். அசையவில்லை. இன்னும் அமுக்கினாள். ஒரேயடியாகப் பொத்தென்று சரிந்தது. முழங்கைத் தோல் உரிய இழுபட்டு, வடிகால் விளிம்பில் கிடந்தாள்.

முன்சக்கரம் அவள் முகத்துக்கு நேரே சுற்றி நின்றது. ஓரத்தில் பூ அப்படியே இருந்தது. நடுவோ காய் நறுக்கும் பலகைபோலத் தட்டையாகத் தேய்ந்திருந்தது. மேடு பள்ளம், வளைவு எதுவும் இல்லாத தம்பி ஊரில், நேர் ரோட்டிலேயே பாரம் சுமந்து தேய்ந்த டயர். உருண்டையாக இருந்தால்தானே வளைவில் புரண்டு சாயும்? இது தட்டையில் நிற்கும், விளிம்பைத் தாண்டினால் விழும். அவர் சொன்னது அப்படியே! அடிப்பாவி, கட்டினவனை என்ன பாடு படுத்திவிட்டாய்! ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பிறகு மோட்டாரைத் தள்ளிக்கொண்டே மேடேறினாள். லயத்து முனையில் வடிவம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்ன ரீட்டா, நீயும் தண்ணியா?"

ரீட்டா மோட்டாரைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். அவர் இத்தனை நாளும் இதைத்தானே கேட்டுக்கொண்டு கிடந்தார்.

லியோனார்ட் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ரத்தத்தைக் கண்டதும் கட்டையை மறந்து எழப் பார்த்தார்.

"நான் குடிக்கலங்க," என்றாள் ரீட்டா. "சத்தியமா குடிக்கலங்க."

"நம்புறேன்லா," என்றார் அவர். "உள்ள வா, கையக் கழுவு."