டிரம்மு ஓடிய நாட்கள்

குதிரை டாக்டர் என்று சொன்னால் பூந்தமல்லிப் பக்கம் யாரும் முதல் தடவையில் நம்புவதில்லை. குதிரைக்கெல்லாம் தனியாக டாக்டரா என்று கேட்டுவிட்டு, தங்கள் வீட்டுப் பூனையின் வயிற்றுப்போக்கைப் பற்றி விவரமாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்து முடித்து, அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு, வேலப்பன்சாவடி ஃபிளாட்டில் குடியேறியவள் நான். என் கிளினிக்குக்கு வருவது பெரும்பாலும் நாய்கள்தான். ஆனால் சில வருஷங்கள் ஒரே ஒரு பந்தயக் குதிரை என்னைப் பாடாய்ப் படுத்தியது. அதன் பெயர் ஈவினிங் டிரம். லாயத்தில் எல்லோருக்கும் டிரம்மு. நீங்களும் ஏதாவதொரு கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, நாலு பேர் சொல்வதைக் கேட்டுத் திகைத்து நிற்பவராக இருந்தால், என் கதை உங்களுக்குப் புரியும்.

செத்துப்போன குதிரை

டிரம்முவின் முதலாளி முருகேசன், அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். ஒரு நாள் மத்தியானம் போன் செய்து, குதிரை செத்துப்போச்சு டாக்டர் என்றார். அதுவரை எனக்கு அவரையும் தெரியாது, குதிரையையும் தெரியாது. பூந்தமல்லியைத் தாண்டி அவர் சொன்ன பண்ணைக்கு ஸ்கூட்டரில் விழுந்தடித்துக்கொண்டு போனேன். செம்பழுப்பு நிறத்தில் மூன்று வயசுக் குதிரை, நாலு காலையும் நீட்டி மண்ணில் ஒருக்களித்து, சாய்த்துப் போட்ட மூட்டை மாதிரி கிடந்தது. முருகேசன் வேலிக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

நான் மண்டியிட்டு ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். குதிரை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டு குறட்டையைத் தொடர்ந்தது. அத்தனை பெரிய தொகையைக் கொடுத்து ஒரு பந்தயக் குதிரையை வாங்கியவர், அது படுப்பதை அதுவரை பார்த்ததே இல்லை. எழுந்து நின்று அவரிடம் சொன்னபோது, அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்பட்டார். "குதிரை நின்னுக்கிட்டே தூங்கும்னுதான் டாக்டர் எங்க ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க."

காக்கா பார்த்தவன்

சீசன் தொடங்கியதும் டிரம்மு பந்தய மைதானத்து லாயத்துக்குப் போனான். முதல் பந்தயத்தன்று முருகேசன் என்னையும் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனார். கதவுகள் திறந்தன. மற்றக் குதிரைகள் பாய்ந்துவிட்டன. நம்மவன் மட்டும் கூண்டை விட்டு மெதுவாக வெளியே வந்து, கம்பியில் உட்கார்ந்திருந்த ஒரு காக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான். முருகேசன் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. வளைவில் அவன் கடைசிக் குதிரையைத் தொட்டான். நேர்ப்பாதைக்கு வந்தபோது ஆட்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக முந்தி வந்தவன், முடிவுக் கம்பத்தில் தனியாகத்தான் ஓடினான். நான் என்னையறியாமல் முருகேசனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தது தன் குதிரைதான் என்று அவரை நம்பவைக்க வெகு நேரம் ஆயிற்று. இறங்கி வந்த ஜாக்கிக்கு முகம் வெளுத்திருந்தது. எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "நான் ஒண்ணும் செய்யலை டாக்டர், கண்ணைத் தொறந்தப்போ கம்பம் பின்னாடி போயிருந்துச்சு."

லிஃப்டில் ஒரு கேள்வி

அதற்குப் பிறகு டிரம்மு ஜெயித்துக்கொண்டே இருந்தான். பேப்பரில் அவன் படம் வந்தது. ஓரத்தில் பாதி முகத்தோடு நானும் இருந்தேன். அதுவரை என்னை ஏறிட்டும் பார்க்காத ஃபிளாட்காரர்கள் கதவைத் தட்டி சுண்டல் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்றாவது மாடியில் ஆவடி ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். காலையில் நெற்றி நிறைய விபூதியோடு வாக்கிங் போவார், யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

ஒரு சனிக்கிழமை லிஃப்டில் நான், அவர், ஸ்கூல் யூனிஃபார்மில் இரண்டு பெண்கள், அவர்களுடைய அம்மா. கதவு மூடியதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "யாரு ஜெயிப்பாங்கன்னு கேக்கலை மேடம், அது தப்பு, உங்க குதிரை இன்னைக்குக் காலைல நல்லா சாணி போட்டுச்சா, அதை மட்டும் சொல்லுங்க."

நாய்க்குட்டியோடு வந்தவர்

சீசனின் பெரிய கோப்பைப் பந்தயம் சனிக்கிழமை, அதற்கு ஒரு வாரம் இருந்தது. டிரம்முவுக்குத் தோளில் லேசான பிடிப்பு. தினமும் காலையில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளினிக்குக்கு ஒருவர் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி போட வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான பேச்சு. நாயின் பெயர் என்ன என்று கேட்டதற்கு யோசித்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஊசி போட்டு முடித்ததும் டிரம்முவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவன் எந்த லாயத்தில் நிற்கிறான், நான் எத்தனை மணிக்குப் போகிறேன், என் கணவருக்கு எங்கே ஆபீஸ் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. டிரம்முவின் ஓட்டத்தைக் கெடுக்க வந்த ஆள் என்று புரிந்தது. எந்த மருந்தையும் யாருக்காகவும் கொடுக்கமாட்டேன், வெளியே போங்கள் என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. அவர் போனதும் முதலில் முருகேசனுக்கும், அவர் மூலமாகப் பந்தய நிர்வாகத்துக்கும் சொன்னேன். லாயத்துக்குக் காவல் போட்டார்கள். வந்தவர் நாய்க்குட்டியை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அது இப்போது எங்கள் வீட்டில் வளர்கிறது. ஆனால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நீங்க எதுவும் குடுக்க வேணாம் டாக்டர், வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் லீவு போட்டுடுங்க."

திரை

வெள்ளிக்கிழமை நான் லீவு போடவில்லை. சனிக்கிழமை கோப்பைப் பந்தயத்தில் டிரம்மு ஜெயித்தான். கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போதே, கம்பத்தைத் தாண்டி அவன் தடுமாறுவதைப் பார்த்தேன். இடது முன்னங்காலைத் தரையில் ஊன்ற முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றான். ஜாக்கி குதித்து இறங்கிவிட்டார். இரண்டு பேர் துணித் திரையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்ததும் நானும் பின்னால் ஓடினேன். குதிரையைக் கருணைக்கொலை செய்வதைக் கூட்டம் பார்க்கக் கூடாது என்பதற்காக மறைக்கும் திரை அது.

மைதானத்து டாக்டர் பெரியவர், நல்லவர். எலும்பாக இருந்தால் அவனை வதைக்க வேண்டாம் என்றார். நான் காலைத் தடவிப் பார்த்தேன். எலும்பு முறிந்த மாதிரி தெரியவில்லை, தசைநாண் கிழிந்திருக்கலாம் என்று பட்டது. ஆனால் எக்ஸ்ரே இல்லாமல் அடித்துச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. முருகேசன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். என்ன செய்யலாம் என்று என்னைத்தான் பார்த்தார். டிரம்முவைக் குட்டியிலிருந்து பார்த்துக்கொண்ட கஜா அண்ணன் அவன் கழுத்தைத் தோளில் தாங்கி நின்றிருந்தார். ஊசிப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டாக்டரம்மா, மொதல்ல அந்தத் துணிய எடுக்கச் சொல்லு, இவன் இன்னும் நின்னுகினுதான் கீறான்."

மாப்பிள்ளை ஊர்வலம்

திரையை எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தப்பித்திருந்தது. இனி அவன் பந்தயத்தில் ஓட முடியாது. பூந்தமல்லிப் பண்ணைக்கே திரும்பி வந்தான். ஒரு வருஷத்துக்கு மேல் கட்டும் ஒத்தடமும் நடையுமாகப் போயிற்று. முருகேசன் இப்போதெல்லாம் பட்டறையைவிடப் பண்ணையில்தான் அதிகம் இருக்கிறார். போன தை மாசம் மாங்காட்டில் அவருடைய தங்கை மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டிரம்மு மேல்தான் மண்டபத்துக்கு வர வேண்டும் என்று குடும்பமே நின்றது. நடை மட்டும்தான், பக்கத்தில் வெடி கூடாது, கஜா அண்ணன் கடிவாளத்தை விடக் கூடாது என்று சொல்லிச் சம்மதித்தேன்.

எங்கள் ஆட்கள் வெடிக்கவில்லை. எதிர்வரிசையில் புதுக் கடை திறந்தவர்கள் சரவெடியைக் கொளுத்தினார்கள். கடிவாளம் கஜா அண்ணனின் கையை உரித்துக்கொண்டு போனது. டிரம்மு மாப்பிள்ளையோடு குன்றத்தூர் ரோட்டில் பறந்தான். நாங்கள் காரில் துரத்தினோம். ஒரு ஷேர் ஆட்டோவையும் தண்ணி லாரியையும் அவன் முந்துவது தெரிந்தது. நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன். கரும்பு ஜூஸ் வண்டி ஒன்றின் பக்கத்தில் அவனாகவே நின்று சக்கையைத் தின்றுகொண்டிருந்தான். நான் ஓடிப்போய்க் காலைப் பிடித்தேன். சூடு இல்லை, வீக்கம் இல்லை. அதற்குப் பிறகுதான் மேலே பார்த்தேன். வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டாத மாப்பிள்ளை, தலைப்பாகை போய், மாலை நார் மட்டும் கழுத்தில் மிச்சமிருக்க, பிடரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அடி பட்டதா என்று கேட்டேன். "அதை விடுங்க டாக்டர், பின்னாடி வந்த லாரி நம்மளைத் தாண்டலையே?"

இனிமேல் எதைக் கேட்டாலும் அதிர்ச்சி அடைவதில்லை என்று ஒவ்வொரு கேஸ் முடிந்த பிறகும் நான் உறுதியாக முடிவெடுக்கிறேன், அடுத்த போன் வரும் வரைக்கும்.